நகைப்பெட்டி முதல் தையல் இயந்திரம் வரை: புலம்பெயர்ந்த ரஷ்ய அரசகுடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு, 1917–1929

ஆய்வின் எல்லை

1917-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் ரஷ்யாவை விட்டு வெளியேறிய பிரபுக் குடும்பங்கள் என்றதும் பாரிஸில் வாடகைக் கார் ஓட்டிய இளவரசர்களும் உணவு விடுதியில் பரிமாறிய படைத்தலைவர்களும்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள். அந்தச் சித்திரம் பொய்யன்று. ஆனால் அது வீழ்ச்சியின் இறுதியை மட்டும் காட்டுகிறது. கையில் இன்னும் ஏதோ மிஞ்சியிருந்தபோது அவர்கள் எதைத் தேர்ந்தார்கள், எதைத் தள்ளிப்போட்டார்கள், ஏன் என்பதைக் காட்டுவதில்லை. அந்த இடைக்காலத்தைப் பார்ப்பதற்காகவே ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, புரட்சி நாள் முதல் அக்குடும்பத்தார் ஒவ்வொருவரும் ஒரு நிலைக்கு வந்து சேர்ந்த 1929 வரை இங்கே வரிசையாகப் பதிவு செய்திருக்கிறோம்.

குடும்பத் தலைவர் பேரரசர் இரண்டாம் நிக்கலாயின் சிற்றப்பா. அவருடைய மூத்த மகள் பாரிஸில் தொடங்கி ஏறக்குறைய ஏழாண்டுகள் நடத்திய எம்பிராய்டரித் தொழிற்கூடமே இந்த ஆய்வின் நடுப்பொருள். குடும்பத்தாரை உறவுமுறையால் மட்டும் குறிப்பிடுகிறோம். அவர்கள் யார் என்பதை வரலாறு படித்தவர் எளிதில் கண்டுகொள்வார் என்றாலும், பட்டப்பெயர்களின் பளபளப்பு கணக்குவழக்கை மறைத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

பின்னணி

தந்தைக்கு முதல் மனைவி மூலம் ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர். மனைவி 1891-இல் மகனைப் பெற்ற கையோடு இறந்துபோனார். தந்தை 1902-இல் பேரரசரின் அனுமதியின்றி, அரச வம்சத்தைச் சேராத, மணமுறிவு பெற்ற ஒரு பெண்மணியை மறுமணம் செய்துகொண்டார். அதற்குத் தண்டனையாக நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். மூத்த மனைவியின் பிள்ளைகள் மாஸ்கோவில் பெரியப்பா வீட்டில் வளர்ந்தனர். அந்தப் பெரியப்பாவும் 1905 பிப்ரவரியில் வெடிகுண்டுக்குப் பலியானார். தந்தையோ பாரிஸை ஒட்டிய பூலோன் என்ற ஊரில் வீடு வாங்கி, இரண்டாம் மனைவியோடும் அவர் வழிப் பிறந்த ஒரு மகனோடும் இரு மகள்களோடும் வாழ்ந்தார். காலப்போக்கில் மன்னிப்பு கிடைத்தது. 1914-இல் குடும்பம் ரஷ்யா திரும்பி, தலைநகருக்கு அருகே சார்ஸ்கோயே செலோவில் புதிதாகக் கட்டிய மாளிகையில், பிரான்ஸில் சேர்த்த கலைப்பொருள்களோடு குடியேறியது.

இந்தக் குடும்பத்தின் கதையில் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான்: தண்டனை காப்பாற்றியது, மன்னிப்பு கொன்றது. பூலோனிலேயே இருந்திருந்தால் தந்தை உயிரோடு இருந்திருப்பார். மூத்த மனைவியின் மகன் 1916 டிசம்பரில், பேரரசர் குடும்பத்தின் நம்பிக்கையைப் பெற்றிருந்த சாமியார் ரஸ்புதினின் கொலையில் பங்கேற்றதற்காகப் பாரசீக எல்லைக்கு அனுப்பப்பட்டான். உறவினர்கள் அந்தத் தண்டனையைக் கொடுமை என்று கருதிப் பேரரசரிடம் மன்றாடினர். மன்றாட்டு ஏற்கப்படாமல் போனதால்தான் அவன் பிழைத்தான். ஆபத்து எந்தத் திசையிலிருந்து வரும் என்பதை அவர்கள் யாரும் சரியாகக் கணித்திருக்கவில்லை என்பதற்கு இவ்விரண்டும் போதுமான சான்று. கணித்திருக்க முடியும் என்று இன்றைக்கு உட்கார்ந்து சொல்வதும் நேர்மையன்று.

மூத்த மகள் 1908-இல் ஸ்வீடன் நாட்டு இளவரசருக்கு மணம் முடித்துக் கொடுக்கப்பட்டாள். அடுத்த ஆண்டு ஒரு மகன் பிறந்தான். ஸ்டாக்ஹோமில் இருந்த காலத்தில் அவள் கலைப்பள்ளியில் சேர்ந்து முறையாகப் பயின்றாள். அப்போது அது ஒரு இளவரசியின் பொழுதுபோக்காகவே எல்லோருக்கும் தெரிந்தது. 1914-இல் மணமுறிவு ஏற்பட்டது, குழந்தையை ஸ்வீடனிலேயே விட்டுவிட்டுத் தாய்நாடு திரும்பினாள். போர் தொடங்கியதும் செவிலியர் பயிற்சி பெற்று, பிஸ்கோவ் நகர மருத்துவமனையில் பணியாற்றினாள். பிறர் சொல்லும் நேரத்துக்கு எழுந்து, குறித்த வேலையைக் குறித்த நேரத்தில் முடிக்கும் பழக்கம் அவளுக்கு அங்கேதான் வந்தது. பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் அவளிடம் இருந்த நகைகள் அனைத்தையும்விட அந்தப் பழக்கமே அதிகம் பயன்பட்டது என்று சொல்ல வேண்டும்.

வெளியேற்றம்

1917 நவம்பரில் நிலம் பற்றிய ஆணை பெருநிலங்களைப் பறித்தது. அதே மாதத்தில் பிரபுப் பட்டங்களும் குலவரிசையும் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. டிசம்பரில் வங்கிகள் அரசுடைமை ஆயின. இரண்டே மாதங்களில் நிலம், பட்டம், வங்கியிருப்பு மூன்றும் போயின. எஞ்சியவை உடம்போடு ஒட்டி எடுத்துச் செல்லக்கூடியவை மட்டுமே.

மூத்த மகள் 1917 செப்டம்பரில் ஓர் இளவரசர் குடும்பத்து அதிகாரியை மறுமணம் செய்திருந்தாள். 1918 கோடையில் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்த ஜூலை மாதத்தில்தான், யூரல் பகுதியில் உள்ள அலபாயெவ்ஸ்கில், அவளை வளர்த்த பெரியம்மாவும் சிற்றன்னையின் மகனான இருபத்தொரு வயதுத் தம்பியும் வேறு சில உறவினர்களோடு கொல்லப்பட்டனர். செய்தி அப்போது அவர்களை எட்டவில்லை. பேரரசரின் மரணச் செய்தி மட்டும் எட்டியது. வெளியேறும் முடிவு அதன் பின் விரைந்து எடுக்கப்பட்டது.

அந்த முடிவின் மையத்தில் ஒரு கடினமான தெரிவு இருந்தது. கைக்குழந்தையோடு எல்லை கடப்பது ஆபத்து என்று கருதி, குழந்தையைக் கணவனின் பெற்றோரிடம் விட்டுச் சென்றார்கள். ஓர்ஷா என்ற இடத்தில் ஜெர்மானியர் வசமிருந்த உக்ரைனுக்குள் நுழைந்து, கீவ், ஒடெசா வழியாக ருமேனியாவை அடைந்தனர். அங்கே அரசியாக இருந்த ஒன்றுவிட்ட சகோதரி அடைக்கலம் தந்தாள். குழந்தையைப் பாட்டனாரும் பாட்டியும் பிறகு பத்திரமாக வெளியே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆயினும் 1919 கோடையில் புக்கரெஸ்டில் அது நோயுற்று இறந்தது. எல்லையைக் கடந்தபோது அல்ல, எல்லையைக் கடந்து பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு. அந்தத் தெரிவைச் சரி என்றோ தவறு என்றோ தீர்ப்பிட இந்த விவரமே நமக்கு இடம் கொடுக்கவில்லை.

தந்தை 1919 ஜனவரி இறுதியில் தலைநகரின் பீட்டர்–பால் கோட்டையில் வேறு மூன்று அரசகுல ஆடவரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். கணவரை விடுவிக்கக் கடைசிவரை முயன்ற சிற்றன்னை அதன் பிறகே பின்லாந்துக்குத் தப்பி, தம் இரு இளம்பெண்களோடு சேர்ந்துகொண்டார். 1920 நவம்பரில், புரட்சி அரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி வ்ராங்கெலின் படை கிரீமியாவிலிருந்து 126 கப்பல்களில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரோடு வெளியேறியபோது இந்தக் குடும்பத்தார் அனைவரும் ஏற்கெனவே மேற்கு ஐரோப்பாவில் இருந்தனர். இந்த முன்னிலை ஒரு பெரிய அனுகூலம். அதை அவர்கள் எப்படிச் செலவிட்டார்கள் என்பதே அடுத்த கேள்வி.

கையிருப்பும் அதன் கரைவும்: லண்டன், பாரிஸ், 1919–1921

மூத்த மகளின் நகைகளில் ஒரு பகுதி ஸ்வீடன் வழியாக வெளியே வந்திருந்தது. சிலவற்றைப் புரட்சிக் காலத்தில் அலுவலக மைப்புட்டிக்குள்ளும் காகிதப் பாரங்களுக்குள்ளும் மறைத்து வைத்திருந்ததாக அவளே பின்னாளில் எழுதியிருக்கிறாள். லண்டனில் அவளும் கணவனும், பாரசீக எல்லைக்கு அனுப்பப்பட்டுப் பிழைத்த உடன்பிறந்த தம்பியும் ஒன்றாக வாடகைக்குக் குடியிருந்தார்கள். பிறந்தது முதல் பணத்தைக் கையால் தொட்டறியாதவர்கள் அவர்கள். எந்தப் பொருள் என்ன விலை என்பதே தெரியாத நிலையில் குடும்பச் செலவை நடத்தத் தொடங்கினர்.

இந்தக் கட்டத்தில் காணப்பட்ட நடத்தை அக்காலத்து ஏறக்குறைய எல்லா ரஷ்யப் பிரபுக் குடும்பங்களுக்கும் பொதுவானது. திரும்பிப் போவது சில மாதங்களில் நடந்துவிடும் என்ற நம்பிக்கையில், வாழ்க்கை முறையைக் குறைக்காமல், மாதந்தோறும் ஒரு நகையை விற்று அந்த மாதத்தைக் கடத்தினார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் ஒரே வகைக் கற்களை லண்டனுக்கும் பாரிஸுக்கும் கொண்டுவந்ததால் விலை இறங்கிக்கொண்டே போனது. வாங்குகிற வியாபாரிக்கு அவசரமில்லை, விற்கிறவருக்கு வாடகை நாள் நெருங்குகிறது. இப்படிப்பட்ட பேரத்தில் விலையைச் சொல்பவர் எப்போதும் வாங்குகிறவராகவே இருப்பார். மொத்தத்தையும் தொடக்கத்திலேயே விற்று ஒரு முதலீடாக மாற்றியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். ஆனால் அப்படிச் செய்வது திரும்பிப் போவதில்லை என்று ஒப்புக்கொள்வதாகும். அதற்கு 1919-இல் யாரும் ஆயத்தமாக இல்லை.

லண்டனிலேயே மூத்த மகள் கம்பளிச் சட்டைகள் பின்னிக் கடைக்கு விற்கத் தொடங்கினாள். வருமானம் சொற்பம், எனினும் கையால் செய்ததற்குப் பணம் வரும் என்ற அறிவு அப்போது கிடைத்தது. பிறகு குடும்பம் பாரிஸுக்கு மாறியது. போரில் ஆண்கள் பலரை இழந்து தொழிலாளருக்குத் தவித்த பிரான்ஸ் ரஷ்ய அகதிகளைத் தாராளமாக ஏற்றது. அந்நகரில் ரஷ்யத் தேவாலயமும் பள்ளிகளும் உதவிச் சங்கங்களும் இருந்தன.

1921 டிசம்பரில் சோவியத் அரசு வெளிநாடு சென்றுவிட்டவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1922 ஜூலை முதல் நான்சென் கடவுச்சீட்டு என்ற அகதிச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அதைப் பெற்றுக்கொள்வது என்பது நாடற்றவர் என்று கையெழுத்திடுவதே. தற்காலிகம் என்று கருதிய நிலை எழுத்தில் நிரந்தரமானது அப்போதுதான்.

முதல் முடிவு: நூற்றைம்பது பிராங்க் குறைத்து

1921 இலையுதிர்காலத்தில் தம்பியின் வழியாக அவளுக்கு ஆடை வடிவமைப்பாளர் கோகோ சானெலுடன் பழக்கம் ஏற்பட்டது. ஒரு நாள் சானெல், தம்மிடம் வேலை எடுக்கும் எம்பிராய்டரிக்காரப் பெண்மணியோடு ஒரு மேற்சட்டையின் பூவேலைக்கு 600 பிராங்க் அதிகம் என்று வாதாடிக்கொண்டிருந்ததை இவள் கேட்டாள். அந்தப் பெண்மணி இறங்கிவரவில்லை. அவள் போனதும், அதே வேலையை 450 பிராங்குக்குச் செய்து தருகிறேன் என்று இவள் சொன்னாள். இயந்திர எம்பிராய்டரி அவளுக்கு அப்போது தெரியாது. கையால் பூவேலை செய்யவும் படம் வரையவும் மட்டுமே தெரியும். சானெல் இயந்திரத்தில் கற்றுக்கொண்டு வரச் சொன்னார்.

அவள் இயந்திரம் விற்கும் தொழிற்சாலைக்குச் சென்று, தான் யார் என்று சொல்லாமல், தொழிலாளிப் பெண்கள் நடுவே அமர்ந்து ஏறக்குறைய ஒரு மாதம் பயின்றாள். இயந்திரத்தை வாங்கி வீட்டு வரவேற்பறையில் நிறுத்தினாள். 1922 தொடக்கத்தில் சானெலின் பருவக் காட்சியில் அவளுடைய பூவேலை இடம்பெற்று நன்றாக விலைபோனது. ரஷ்யக் கிராமத்துச் சட்டைகளின் கோலங்களும் கீழை நாட்டுக் கம்பளங்களின் கோலங்களும் அவள் வடிவங்களில் கலந்திருந்தன. பாரிஸுக்கு அவை அன்று புதுமை.

இந்த முடிவைப் பலரும் துணிச்சலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. துணிச்சல் உண்மைதான். ஆனால் நான் கவனிப்பது அந்த 450 என்ற தொகையை. நூல் என்ன விலை, ஒரு சட்டைக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும், உதவியாளருக்கு என்ன கூலி என்று எந்தக் கணக்கும் போடாமல் சொல்லப்பட்ட விலை அது. முந்தைய இரண்டாண்டுகளில் அவள் செய்திருந்த ஒரே வணிகம் நகை விற்பது. அதில் வாங்குகிறவர் விரும்பும் விலைக்கு இறங்கிவருவதே விற்கும் வழி என்று கற்றிருந்தாள். அந்தப் பாடத்தையே உழைப்பை விற்கும்போதும் பின்பற்றினாள். நகைக்கு உற்பத்திச் செலவு இல்லை, எம்பிராய்டரிக்கு உண்டு. தொழிற்கூடத்தின் பிற்காலத் துன்பங்களில் பாதி இந்த ஒரு வாக்கியத்திலேயே தொடங்கிவிட்டது என்பது என் முடிபு.

வளர்ச்சி

தொழிற்கூடத்துக்குக் கித்மிர் என்று பெயரிட்டார்கள். வாஷிங்டனில் ரஷ்யத் தூதராக இருந்தவரின் வளர்ப்பு நாய்க்கு இருந்த பெயர் அது. இதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டியதில்லை. காட்சி முடிந்ததும் வந்து குவிந்த ஆர்டர்களுக்கு ஓர் இயந்திரமும் இரண்டு மூன்று பெண்களும் எப்படிப் போதும்? இரவு பகலாக வேலை நடந்தது. தரை விரிப்பில் சற்றுப் படுத்து எழுந்து தையலைத் தொடர்ந்த நாள்களும் உண்டு. பெரிய இடத்துக்கு மாறினார்கள், இயந்திரங்கள் கூடின, கணவனின் தாயார் மேற்பார்வைக்கு வந்தார். சில ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கு வேலை பார்த்தனர்.

அவர்களில் பெரும்பாலோர் ரஷ்ய அகதிப் பெண்கள். இது தற்செயல் அன்று, தேர்ந்த முடிவு. பாரிஸில் தேர்ச்சி பெற்ற எம்பிராய்டரித் தொழிலாளர்கள் கிடைத்தார்கள். அவர்களை எடுத்திருந்தால் பயிற்சிச் செலவு இல்லை. மாறாக, ஊசி பிடிக்கத் தெரிந்த, ஆனால் இயந்திரத்தில் உட்கார்ந்திராத தன் நாட்டுப் பெண்களை எடுத்து, கூலி கொடுத்துக்கொண்டே பழக்கினாள். பிரபுக் குடும்பத்துப் பெண்களுக்குச் சிறுவயதில் கற்பிக்கப்பட்ட பூத்தையல் அதுவரை வீட்டு அலங்காரக் கலை. அதை அவள் பிழைப்புத் தொழிலாக மாற்றிக் கொடுத்தாள். உதவிச் சங்கத்தில் வரிசையில் நின்று உதவித்தொகை வாங்குவதைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே கூரையின் கீழ் உதவிச் சங்கமும் வணிக நிறுவனமும் நடந்தன, இரண்டுக்கும் ஒரே கல்லாப்பெட்டி. வேலை குறைந்த பருவத்தில் ஆள் குறைப்பது வணிகத்துக்குத் தேவை. அந்த ஆள் தன் பழைய அரசவையைச் சேர்ந்த விதவையாக இருக்கும்போது அதை யாரால் செய்ய முடியும்? செய்யவில்லை. மிஞ்சியிருந்த நகைகள் இந்த இடைவெளியை நிரப்பக் கைமுதலாகப் போயின.

குடும்பத்துக்குள் இன்னொரு விலையும் கொடுக்க நேர்ந்தது. மனைவி பன்னிரண்டு மணி நேரம் தொழிற்கூடத்தில் இருக்க, கணவன் புதிய வாழ்க்கையில் தன் இடத்தைக் கண்டுகொள்ளாமல் இருந்தான். 1923-இல் அவர்கள் மணமுறிவு பெற்றனர். புலம்பெயர்ந்த பிரபுக் குடும்பங்களில் பெண்கள் ஊசியைக் கொண்டு முன்னதாகவே பிழைக்கக் கற்றார்கள். படைக்கும் அரசவைக்கும் பழகிய ஆண்களுக்கு அவ்வாறு மாற்றிக்கொள்ளக்கூடிய கைத்திறன் இருக்கவில்லை. கார் ஓட்டத் தெரிந்தவர் தப்பித்தார்.

ஒரே கொள்முதலாளர்

தொடக்கத்தில் கித்மிரின் வேலை முழுவதும் சானெலுக்கே. வடிவங்கள் வேறு எவருக்கும் போகக் கூடாது என்று அவர் எதிர்பார்த்தார்; அவர் பார்வையில் அது நியாயமான எதிர்பார்ப்பு. ஒரு பருவத்தின் பூவேலையை அடுத்த தெருக் கடையில் பார்க்க எந்த ஆடை நிறுவனமும் விரும்பாது. ஆனால் ஆண்டுக்கு இரண்டு பருவக் காட்சிகளை மட்டும் நம்பி ஐம்பது பேருக்கு ஆண்டு முழுவதும் கூலி கொடுக்க முடியாது. காட்சிக்கு முந்தைய வாரங்களில் திணறலும் பிந்தைய மாதங்களில் வெற்று நாள்களுமாகத் தொழில் ஊசலாடியது.

மூத்த மகள் மற்ற ஆடை நிறுவனங்களிடமும் ஆர்டர் எடுத்தாள். சானெலின் அன்பு குளிர்ந்தது. வேலையும் குறைந்து, காலப்போக்கில் நின்றது. இங்கே முடிவில் பிழை இல்லை, பிழை காலத்தில். கைவசம் மாற்றுக் கொள்முதலாளர்கள் உறுதியாகும் முன்பே பழையவர் போய்விட்டார். முதல் வெற்றி சூடாக இருந்த 1922-இலேயே, வடிவங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைத் தனியுரிமையாகவும் மறுபகுதியைப் பொதுவாகவும் விற்க எழுத்துமூலம் பேசி முடித்திருக்கலாம். எழுத்தில் எதுவும் இல்லாமல் நட்பின் பேரில் நடந்ததால், நட்பு தளர்ந்தபோது வணிகமும் தளர்ந்தது.

1925-இல் பாரிஸில் நடந்த பன்னாட்டு அலங்காரக் கலைக் கண்காட்சியில் கித்மிர் தன் வேலைகளை வைத்தது. பதக்கமும் பாராட்டுப் பத்திரமும் கிடைத்தன. பத்திரத்தில் திருவாளர் கித்மிர் என்று எழுதப்பட்டிருந்தது. நடுவர்களுக்கு இந்தத் தொழிற்கூடத்தின் உரிமையாளர் யார் என்றே தெரியவில்லை என்பதில் அவள் மிகவும் மகிழ்ந்தாள். அரச குலத்தவள் என்ற பரிதாபத்துக்கோ ஆர்வத்துக்கோ அல்ல, வேலைக்கே கிடைத்த பரிசு அது. அதே நேரத்தில், தன்னிடம் இருந்த மிகப்பெரிய விளம்பரப் பொருளை அவள் கடைசிவரை பயன்படுத்தவில்லை என்பதையும் அந்தப் பத்திரம் காட்டுகிறது.

சரிவு

1926-க்குப் பின் மூன்று காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. நாகரிகம் மாறியது: பாசிமணியும் சங்கிலித் தையலும் நிறைந்த ஆடைகள் விலகி, வெற்றுத் துணியின் வெட்டும் வீழ்வும் முதன்மை பெற்றன. பிராங்கின் மதிப்பு 1926 கோடையில் அடிமட்டம் தொட்டுப் பிறகு பிரெஞ்சுப் பிரதமர் புவான்காரேயின் அரசால் நிலைநிறுத்தப்பட்டபோது, மலிவாக இருந்த பாரிஸ் பொருள்கள் அமெரிக்கருக்கும் ஆங்கிலேயருக்கும் முன்போல மலிவாக இல்லை. ரஷ்யப் பாணியைப் போலிசெய்யும் தொழிற்கூடங்களும் பெருகிவிட்டன. அவற்றில் சிலவற்றை நடத்தியவர்களும் அகதிப் பெண்களே.

1928-இல் கித்மிரை வேறொரு பெரிய எம்பிராய்டரி நிறுவனத்தோடு இணைத்துவிட முடிவு செய்தாள். கடன் பெருகி நீதிமன்றம் பூட்டுப்போடும் வரை காத்திருக்காமல், இயந்திரங்களுக்கும் வடிவங்களுக்கும் இன்னும் மதிப்பு இருக்கும்போதே ஒப்படைத்தது இந்த ஏழாண்டுகளில் அவள் எடுத்த முதல் தூய வணிக முடிவு என்று சொல்லலாம். பிறகு லண்டனில் நறுமணத் தைலம் ஒன்றை விற்க முயன்றாள், அது எடுபடவில்லை. 1929-இல் ஒரு தட்டச்சு இயந்திரத்தோடு நியூயார்க் சென்று, அங்கே பெர்க்டார்ஃப் குட்மேன் என்ற பெரிய ஆடைக் கடையில் ஆலோசகராகச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். 1930-இலும் 1932-இலும் அவளுடைய நினைவுக் குறிப்புகள் வெளியாகி நன்றாக விற்றன. பாரிஸில் மறைத்து வைத்த பட்டத்தையும் கடந்தகாலத்தையும் அமெரிக்காவில் வெளிப்படையாக விற்றாள், அதற்கு நல்ல விலையும் கிடைத்தது.

குடும்பத்தின் மற்றவர்கள்

தம்பி ஷாம்பெயின் விற்பனை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தான். 1926-இல் அமெரிக்கச் செல்வந்தர் வீட்டுப் பெண்ணை மணந்தான். சிற்றன்னையின் இளைய மகள் ஆடைக் காட்சிகளில் தோன்றி, 1927-இல் ஆடை வடிவமைப்பாளர் லூசியன் லெலோங்கை மணந்தாள்.

சிற்றன்னையின் நிலை தனியே குறிப்பிடத்தக்கது. பூலோன் வீட்டை விற்க வேண்டியிருந்தது; அது பெண்கள் பள்ளியாயிற்று. ரஷ்ய அகதிகளுக்காக நன்கொடை திரட்டுவதில் அவர் காலம் கழிந்தது. 1928-இல், சார்ஸ்கோயே செலோ மாளிகையிலிருந்த தம் அறைகலன்களும் கலைப்பொருள்களும் சோவியத் அரசால் விற்கப்பட்டு லண்டன் வியாபாரிகளிடம் வந்திருப்பதை அறிந்து, அவை என்னுடையவை என்று ஆங்கிலேய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1929-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: பிரிட்டன் ஏற்பளித்துவிட்ட ஓர் அரசு தன் எல்லைக்குள் செய்த பறிமுதலை ஆங்கில நீதிமன்றம் விசாரிக்க இயலாது. அதே ஆண்டு நவம்பரில் அவர் பாரிஸில் இறந்தார். பொருள் கண்ணெதிரே இருந்தது, அது முன்பு யாருடையதாக இருந்தது என்பதும் தெரிந்திருந்தது, ஆனாலும் திரும்பவில்லை.

மாற்றியிருக்கக்கூடியவை

இதே காலத்தில் பாரிஸில் இன்னொரு ரஷ்ய இளவரசர் தம்பதியர் இர்ஃபே என்ற ஆடை நிறுவனத்தை 1924-இல் தொடங்கினர். அவர்கள் கித்மிருக்கு நேர்மாறான வழியில் சென்றார்கள்: தங்கள் பெயரையே விளம்பரமாக்கினார்கள், நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்றார்கள், லூ துக்கே, லண்டன், பெர்லின் ஆகிய இடங்களில் கிளை திறந்தார்கள். 1929-ஆம் ஆண்டுப் பங்குச்சந்தை வீழ்ச்சியில் அமெரிக்க வாடிக்கையாளர்கள் மறைந்ததும் அதுவும் தள்ளாடி 1931-இல் மூடப்பட்டது. எனவே, பெயரை மறைத்ததால் ஒன்று வீழ்ந்தது, காட்டியிருந்தால் பிழைத்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. வெளியிலிருந்து வந்த காரணங்களை இரு நிறுவனங்களாலும் தடுத்திருக்க முடியாது. தடுத்திருக்கக்கூடியவை உள்ளே இருந்தவை.

விலையிலிருந்து தொடங்க வேண்டும். முதல் பருவ வெற்றிக்குப் பின், நூல், இயந்திரத் தேய்மானம், கூலி, வாடகை ஆகியவற்றைக் கூட்டி ஒரு விலைப்பட்டியல் செய்திருந்தால், 450 பிராங்க் என்பது ஓர் அறிமுகச் சலுகையாக முடிந்திருக்கும். அதுவே நிலையான அளவுகோலாக நின்றிருக்காது. கணக்குத் தெரிந்த ஒரு பிரெஞ்சுக்காரரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள அவளால் முடிந்திருக்கும். அன்னியரிடம் கணக்கைக் காட்டுவதில் இருந்த தயக்கம், உறவினர் மேற்பார்வையே நம்பகமானது என்ற பழைய மாளிகை வழக்கத்தின் தொடர்ச்சி.

உதவியையும் தொழிலையும் பிரித்திருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். அகதிப் பெண்களுக்குப் பயிற்சி தரும் செலவை உதவிச் சங்கங்களிடம் கேட்டுப் பெற்றிருக்கலாம். அத்தகைய சங்கங்கள் அப்போது பாரிஸில் இருந்தன, சிற்றன்னையே அவற்றுக்காக நிதி திரட்டிக்கொண்டிருந்தார். ஒரே குடும்பத்தில் ஒருவர் நன்கொடை கேட்டு அலைய, இன்னொருவர் அதே வேலையைத் தம் நகைகளைக் கரைத்துச் செய்திருக்கிறார். இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை. முன்மனைவி பிள்ளைகளுக்கும் சிற்றன்னைக்கும் இடையே சிறுவயது முதல் இருந்த தூரம் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

பழகிய பெண்களைப் பொறுத்தவரை கணக்கு வேறு. தொழிற்கூடம் 1928-இல் கைமாறியது, ஆனால் அங்கே இயந்திரம் பழகியவர்கள் கையில் ஒரு வேலை இருந்தது. பாரிஸ் ஆடை நிறுவனங்கள் ரஷ்யப் பெண்களைத் தையலுக்கும் பூவேலைக்கும் தொடர்ந்து எடுத்துக்கொண்டன. உரிமையாளரின் பார்வையில் இழப்பில் முடிந்த அதே முடிவு, அவர்கள் பார்வையில் ஏழாண்டுக் கூலியும் ஒரு தொழிலும் ஆகும். எனவே பயிற்சியைக் கைவிட்டிருக்க வேண்டும் என்று நான் பரிந்துரைக்கவில்லை. அதற்கான பணம் வேறு பையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதே பரிந்துரை.

சொத்து வழக்கைப் பற்றி ஒன்று. பிரிட்டன் 1924 பிப்ரவரியிலும் பிரான்ஸ் அதே ஆண்டு அக்டோபரிலும் சோவியத் அரசுக்கு முறையான ஏற்பளித்தன. அந்த நாளோடு ரஷ்யாவில் விட்டு வந்த சொத்தின் மீதான உரிமை நீதிமன்றத்தில் நிற்காது என்று வழக்குரைஞர் எவரும் சொல்லியிருப்பார். சிற்றன்னை நான்காண்டுகள் கழித்து வழக்குக்குப் போனார். இத்தகைய குடும்பங்களுக்கு ஆலோசனை கூறுவோர், பறிபோன சொத்தின் பட்டியலைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லலாம். ஆனால் அதை மீட்கும் நம்பிக்கையில் அன்றாட வரவுசெலவைத் திட்டமிட விடக் கூடாது, வழக்குச் செலவுக்காகக் கைமுதலைத் தொடவும் விடக் கூடாது.